துப்பறிய யாருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது ஒரு காலத்தில் பெரிய வேலையாக இருக்கவில்லை. அந்த நகரில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவருக்குக் கடிதம் போட்டால் போதும். அவர் பள்ளியில் நாலு பேரிடம் கேட்டுப் பதில் எழுதுவார். இன்று நமது பிள்ளைகள் லண்டன், டொரொண்டோ, லொஸ் ஏஞ்சல்ஸ் என்று பரந்து வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாத நகரங்கள் அவை. எனவே சில குடும்பங்கள் காசு கொடுத்துத் தனியார் துப்பறிவாளர்களை நாடத் தொடங்கியிருக்கின்றன. நிக்காஹ் விடயத்துக்கு மட்டுமல்ல, வியாபாரப் பங்காளியைப் பற்றி அறியவும், கடன் வாங்கித் தலைமறைவானவரைத் தேடவும் இவர்களிடம் போகிறார்கள்.

ஆங்கிலக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் வாசித்து விளக்கச் சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இவ்வாறான துப்பறியும் அறிக்கைகளையும் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, முகநூலில் எவரும் பார்க்கக்கூடிய படங்களை அச்சிட்டுக் கோவையாகக் கட்டிய ஒன்று. அதற்குக் கொடுத்த காசு வீண், அவ்வளவுதான். மற்றொன்றில் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுவரை எழுதப்பட்டிருந்தது. பெண்ணின் வாப்பாவுக்கு அது பெரிய திருப்தி. எனக்கோ அதுதான் பயமாக இருந்தது. அந்தத் தொகை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இவ்விடயத்தில் மக்கள் பொதுவாகக் கேட்பது ஒரு கேள்விதான்: "இவங்களுக்கு லைசன் இருக்கா?" நல்ல கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வி. சில நாடுகளில் துப்பறிவாளருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். சில நாடுகளில் அப்படியொன்று வழங்கப்படுவதே இல்லை. கட்டாயம் என்று சொல்லும் இடங்களிலும் பலருக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு யாருக்கு, ஏன், எதுவரை என்பதைப் புரிந்துகொண்டால்தான் நாம் காசு கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது விளங்கும்.

மூன்றாவது ஆள்

முதலில், இந்தத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் எதற்கு? தையல்காரர் சட்டையைப் பிழையாகத் தைத்தால் பாதிக்கப்படுவது காசு கொடுத்தவர். அவர் திருப்பிக் கொடுக்கலாம், சண்டை பிடிக்கலாம். துப்பறியும் தொழில் அப்படியல்ல. அதில் மூன்று பேர் இருக்கிறார்கள். காசு கொடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் ஒருவர், பின்தொடரப்படுபவர் ஒருவர். இந்த மூன்றாவது ஆளுக்குத் தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்படுவதே தெரியாது. அதில் பிழை இருந்தால் திருத்தச் சொல்ல வழியில்லை. பேசிவைத்த சம்பந்தம் ஒரு நாள் நின்றுபோகும். ஏன் நின்றது என்று யாரும் அவரிடமோ அவளிடமோ சொல்லமாட்டார்கள்.

அனுமதிப்பத்திரச் சட்டத்தை வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கான சட்டமாகவே பலர் பார்க்கிறார்கள். என் பார்வையில் அது முதலில் அந்த மூன்றாவது ஆளுக்கானது.

கலிபோர்னியாவின் விதிகள்

இதை விளங்கிக்கொள்ள நல்லதோர் உதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு மற்றும் புலனாய்வுச் சேவைகள் பணியகம் என்ற அரச அமைப்பு அதை நடைமுறைப்படுத்துகிறது.

அங்கே ஒருவரின் அடையாளம், பழக்கவழக்கம், நடத்தை, இருப்பிடம், நற்பெயர் போன்றவற்றைக் கூலிக்கு விசாரிப்பது துப்பறியும் தொழில். களவுபோன சொத்தைத் தேடுவது, தீ விபத்துக்கான காரணத்தை ஆராய்வது, நீதிமன்றத்துக்குச் சாட்சியம் திரட்டுவது ஆகியனவும் அதில் அடங்கும். அனுமதிப்பத்திரம் பெறுபவர் 18 வயதைக் கடந்திருக்க வேண்டும். மூன்று வருடங்கள், அதாவது 6,000 மணித்தியாலங்கள், சம்பளத்துக்குப் புலனாய்வு வேலை செய்த அனுபவம் வேண்டும். சட்டப் பட்டமோ பொலிஸ் துறை சார்ந்த நான்கு வருடப் பட்டமோ இருந்தால் 4,000 மணித்தியாலங்கள் போதும். குற்றப் பின்னணி உண்டா என்று கைவிரல் அடையாளம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதன் பின் இரண்டு மணித்தியால எழுத்துப் பரீட்சை. துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு வேறாக அனுமதி எடுக்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன. தெரிந்துகொண்டே பொய்யான அறிக்கை கொடுக்கக் கூடாது. அறிந்த தகவலைச் சட்டம் கேட்டாலன்றி வாடிக்கையாளரின் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. தன்னை அரசாங்கத்தின் ஆள் என்று எண்ணவைக்கும் உடையையோ பட்டத்தையோ பயன்படுத்தக் கூடாது. அனுமதியில்லாமல் இத்தொழிலைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

விலக்குப் பெற்றவர்கள்

அதே சட்டம் யாருக்கெல்லாம் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றும் நீண்ட பட்டியல் தருகிறது. முக்கியமானவர்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரே முதலாளியிடம் நிரந்தரமாக வேலை செய்து, அந்த முதலாளியின் விடயங்களை மட்டும் விசாரிக்கும் ஊழியர் முதலாமவர். ஒரு கம்பனி தன் களஞ்சியத்தில் நடக்கும் களவைப் பிடிக்கத் தன் ஊழியர் ஒருவரை வைத்திருந்தால் அவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம். அடுத்து, கடமையில் இருக்கும் பொலிஸார் உள்ளிட்ட அரச அதிகாரிகள். பிறகு, தன் தொழிற் கடமையைச் செய்யும் சட்டத்தரணி. காப்புறுதி நிறுவனங்கள், வங்கிகள், ஒருவரின் கடன் தகுதியை மட்டும் ஆராய்ந்து சொல்பவர்கள், முறையாகப் பதிவுசெய்யப்பட்ட இலாப நோக்கற்ற தர்ம ஸ்தாபனங்கள் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. பொதுப் பதிவேடுகளை மட்டும் பார்த்துத் தகவல் எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவருக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

பார்த்தால் குழப்பமான பட்டியல்தான். ஆனால் இதற்குப் பின்னால் சில எளிய காரணங்கள் இருக்கின்றன.

சிலர் ஏற்கனவே வேறொரு கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறார்கள். சட்டத்தரணி பிழை செய்தால் அவரது தொழில் உரிமையே பறிபோகும். வங்கிக்கும் காப்புறுதிக்கும் தனித்தனி மேற்பார்வை உண்டு. இவர்களுக்கு இரண்டாவது கடிவாளம் தேவையில்லை என்று சட்டம் நினைக்கிறது. வேறு சிலர் இந்தச் சேவையை வெளியாருக்கு விற்பதில்லை. கம்பனியின் சொந்த ஊழியர் தெருவில் போகிற எவருக்கும் கூலிக்குத் துப்பறிவதில்லை. பொதுப் பதிவேட்டைப் பார்ப்பவரோ யாருடைய அந்தரங்கத்துக்குள்ளும் நுழைவதில்லை. யாரும் பார்க்கக்கூடியதைத்தான் பார்க்கிறார்.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். விலக்கு ஆளோடு ஒட்டியதல்ல, அவர் செய்யும் வேலையோடு ஒட்டியது. சட்டத்தரணிக்கு விலக்கு இருக்கிறது என்பதற்காக அவர் வெளியே அமர்த்தும் துப்பறிவாளருக்கும் விலக்குக் கிடைத்துவிடாது. அந்த ஆளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கடமையில் இருக்கும்போது அரச அதிகாரிக்குக் கிடைக்கும் விலக்கு, அவர் ஓய்வு நேரத்தில் தனியாகக் காசு வாங்கிச் செய்யும் விசாரணைக்குப் பொருந்தாது. "நான் பொலிஸில் இருந்தவன்" என்று ஒருவர் சொன்னால், அது அவரது அனுபவத்தைப் பற்றிய தகவல் மட்டுமே.

விலக்கு எதிலிருந்து?

மக்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். விலக்கு என்பது அனுமதிப்பத்திரம் எடுப்பதிலிருந்து விலக்கு. குற்றவியல் சட்டத்திலிருந்து விலக்கு அல்ல. அதேபோல், அனுமதிப்பத்திரம் என்பது தொழில் செய்ய அனுமதி. மற்றவர்கள் செய்யக் கூடாததைச் செய்ய அனுமதி அல்ல.

ஹொலிவூட் நட்சத்திரங்களுக்கு வேலை செய்த அந்தனி பெலிகானோவின் வழக்கு இதற்குச் சரியான சான்று. அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் பெயர்பெற்ற துப்பறிவாளர். தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்டது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2008இல் அவருக்கு 15 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரை அமர்த்திய சட்டத்தரணிகளில் ஒருவரும் அதே வருடத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டத்தரணிக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்ற விலக்கு அவரைக் காப்பாற்றவில்லை. காசு கொடுத்தவரும் வேலை செய்தவரும் ஒரே குற்றத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

கலிபோர்னியாவில் இரகசியமான உரையாடலைப் பதிவுசெய்ய அதில் பேசும் அனைவரின் சம்மதமும் வேண்டும். இன்னொருவரின் வாகனத்தில் அவரது சம்மதமின்றி இருப்பிடம் காட்டும் கருவி பொருத்துவதும் குற்றம். அனுமதிப்பத்திரம் பெற்ற துப்பறிவாளரும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே.

வங்கிக் கணக்கின் கதையும் இதுதான். பொய்க் காரணம் சொல்லி வங்கியிடமிருந்து ஒரு வாடிக்கையாளரின் தகவலை எடுப்பதை அமெரிக்க மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடைசெய்கிறது. அப்படித்தான் எடுக்கப்படும் என்று தெரிந்துகொண்டே எடுத்துத் தரும்படி கேட்பதும் அதே தடைக்குள் வருகிறது. இதிலும் ஒரு விலக்கு உண்டு. பிள்ளைக்குரிய தாபரிப்புப் பணத்தைக் கட்டாமல் ஏமாற்றுபவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவரிடமிருந்து அதை அறவிடுவதற்கு, மாநில அனுமதிப்பத்திரம் பெற்ற துப்பறிவாளர் தகவல் எடுக்கலாம். அதற்கும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். விலக்கு எவ்வளவு குறுகிய வாசல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தொலைபேசிப் பதிவுகளின் நிலையும் அப்படியே. 2006இல் எச்பி கணினி நிறுவனத்தின் சபை இரகசியங்களை வெளியே விட்டது யார் என்று கண்டுபிடிக்க, அமர்த்தப்பட்ட ஆட்கள் பணிப்பாளர்களைப் போலவும் ஊடகவியலாளர்களைப் போலவும் நடித்து அவர்களது தொலைபேசிப் பதிவுகளை எடுத்தார்கள். அது பெரும் சர்ச்சையானது. 2007 ஜனவரியில் இவ்வாறு பதிவுகளை எடுப்பதை மத்திய அரசு தனிக் குற்றமாக்கியது.

பிரித்தானியாவில் காகிதத்தில் உள்ள சட்டம்

நமது மக்கள் அதிகம் தொடர்பு வைத்திருக்கும் பிரித்தானியாவின் நிலைமை வேறு. அங்கே 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் துப்பறிவாளரையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவர இடமளித்தது. யாருக்கு விலக்கு என்பதையும் எழுதிவைத்தது. சந்தை ஆய்வு, கடன் தகுதி ஆய்வு, சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் தம் தொழிலுக்காகச் செய்யும் விசாரணை, வெளியிடுவதற்காக மட்டும் செய்யப்படும் ஊடக, இலக்கியப் பணி, பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடுகளைப் பார்ப்பது, விசாரிக்கப்படுபவரின் சம்மதத்தோடு செய்யும் விசாரணை ஆகியவற்றுக்கு விலக்கு.

ஆனால் வாயிற்காவலர், பாதுகாப்பு ஊழியர், மெய்ப்பாதுகாவலர் போன்றோருக்கு அனுமதிப்பத்திர முறை நடைமுறைக்கு வந்தபோதிலும் துப்பறிவாளர் பகுதி நடைமுறைக்கு வரவில்லை. 2011இல் நியூஸ் ஒப் த வேர்ல்ட் பத்திரிகை தொலைபேசிக் குரல் அஞ்சல்களை ஒட்டுக்கேட்ட விவகாரத்தால் மூடப்பட்டபோது நாடே கொதித்தது. 2013 ஜூலையில் உள்துறைச் செயலாளராக இருந்த தெரேசா மே துப்பறிவாளருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்படும் என அறிவித்தார். அந்த அறிவிப்பும் அறிவிப்பாகவே நின்றுவிட்டது.

எனவே லண்டனில் இருக்கும் ஒருவர் "நான் அரசாங்க அனுமதி பெற்ற தனியார் துப்பறிவாளர்" என்று சொன்னால், அப்படியொரு அனுமதிப்பத்திரம் அங்கே வழங்கப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொழில்சார் சங்கத்தில் அங்கத்துவம் இருக்கலாம். அது நல்லதுதான், ஆனால் அது விருப்பத்தின் பேரில் சேர்வது. அங்கே எல்லோரையும் கட்டுப்படுத்துவது தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள தனிநபர் தரவை அந்நிறுவனத்தின் சம்மதமின்றித் தெரிந்தே எடுப்பது 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருப்பதால், அனுமதிப்பத்திர முறை அன்றே நடைமுறையில் இருந்திருந்தாலும் பத்திரிகைக்காக மட்டும் வேலை செய்த துப்பறிவாளர் தனக்கும் விலக்கு உண்டென்று வாதாடியிருக்கலாம். அரச குடும்பத்தின் பணியாளர்களுடைய குரல் அஞ்சல்களை ஒட்டுக்கேட்ட துப்பறிவாளரை 2007இலேயே சிறைக்கு அனுப்பியது குற்றவியல் சட்டம்தான். ஆகவே அனுமதிப்பத்திரம் மட்டும் போதும் என்று நினைப்பதும் சரியல்ல.

ஜப்பான் கேட்கும் வாக்குறுதி

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் வழி. அங்கே பரீட்சை எதுவும் இல்லை. 2006இல் நிறைவேற்றப்பட்டு 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, துப்பறியும் தொழில் செய்பவர் அதனை மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கு அறிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். ஊடக நிறுவனங்களுக்காக, செய்திக்காக மட்டும் விசாரிப்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது.

ஆனால் அச்சட்டம் வாடிக்கையாளரிடமும் ஒன்று கேட்கிறது. அறிக்கையைக் குற்றத்துக்கோ சட்டவிரோதமான பாகுபாட்டுக்கோ பயன்படுத்த மாட்டேன் என்று அவர் எழுத்தில் தர வேண்டும். அப்படிப் பயன்படுத்தப்போகிறார் என்று தெரிந்தால் துப்பறிவாளர் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

அதற்குப் பின்னால் ஒரு வேதனையான வரலாறு இருக்கிறது. ஜப்பானில் புராக்கு என்று அழைக்கப்படும், பரம்பரையாக ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர்களின் பட்டியல்களை இரகசியமாக அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றது 1975இல் அம்பலமானது. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் கல்யாணம் பேசும்போதும் ஒருவரின் பூர்வீகத்தைத் துப்பறிந்து ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. 1985இல் ஒசாகா மாகாணம் இதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டவிதி கொண்டுவந்தது. "விசாரிக்கத்தானே செய்தோம்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை வாழ்க்கைகள் நசுங்கும் என்பதை அந்த நாடு அனுபவத்தில் கற்றுக்கொண்டது.

நாம் கேட்க வேண்டியவை

நிக்காஹ்வுக்கு முன் விசாரிப்பது தேவையான ஒன்று. ஆலோசனை கேட்கப்படும்போது உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும், மறுபுறம் பிறரின் குறைகளைத் துருவித் தேடுவதை சூரா ஹுஜுராத் தடுக்கிறது என்பதும் நாம் அறிந்தவையே. இரண்டுக்கும் இடையிலான எல்லை எது? எனக்குத் தெரிந்தவரை, உலகின் இந்தச் சட்டங்கள் எல்லாம் தேடிக்கொண்டிருப்பதும் அந்த எல்லையைத்தான்.

ஆகவே வெளிநாட்டில் ஒரு துப்பறிவாளரை அமர்த்த வேண்டிய நிலை வந்தால், சில விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் இருக்கும் மாநிலத்தில் அல்லது நாட்டில் அனுமதிப்பத்திரம் கட்டாயமா என்று முதலில் பாருங்கள். கலிபோர்னியா என்றால் அவரது இலக்கத்தை அரச இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். விலக்கு இருக்கிறது என்று சொன்னால், எந்த விலக்கு, எந்த வேலைக்கு என்று கேளுங்கள். என்ன செய்வார், என்ன செய்யமாட்டார், எவ்வளவு கட்டணம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வங்கி மீதி, தொலைபேசிப் பதிவு, வட்ஸ்அப் உரையாடல், வைத்திய அறிக்கை ஆகியவற்றை எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னால் அவரது திறமையை மெச்சாதீர்கள். அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். அவற்றை நேர்வழியில் பெறுவதற்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ வேண்டும்.

பல சந்தேகங்களுக்குத் துப்பறிவாளரே தேவையில்லை. முன்பு கல்யாணம் செய்திருக்கிறாரா என்பதற்குப் பல நாடுகளில் பதிவுகள் உண்டு. கம்பனி இருப்பதாகச் சொன்னால், பிரித்தானியாவில் கம்பனிப் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளை வீட்டாரிடமே "இந்த ஆவணங்களைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கலாம். சம்மதத்தோடு செய்யும் விசாரணைக்குப் பிரித்தானியச் சட்டம் விலக்களித்ததன் காரணமும் இதுதான். சம்மதம் இருக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் இருட்டில் நிற்பதில்லை.

நம் நாட்டிலும் சில எல்லைகள் எல்லோருக்கும் பொதுவானவை. அனுமதியின்றி ஒருவரது கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். அரச உத்தியோகத்தராக ஆள்மாறாட்டம் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். 2019க்குப் பின் நமது ஊர்களில், சிவில் உடையில் யாராவது வந்து "விபரம் வேணும்" என்றால் பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் வழக்கம் பலரிடம் வந்துவிட்டது. வருபவர் யார், எங்கிருந்து வருகிறார், அடையாள அட்டை எங்கே என்று பணிவாகக் கேட்பது நமது உரிமை. அவர் யாரோ ஒருவரிடம் காசு வாங்கி வந்தவராகவும் இருக்கலாம். அப்போது நாம் சொல்லும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதை, அந்தப் பிள்ளை ஒருபோதும் பார்க்கமுடியாத ஓர் அறிக்கையில் போய்ச் சேரும்.